விளிம்பைப் படிக்க விடும் கடை: காரைக்குடியில் பழைய படைப் பதக்கங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தேக்குத் தூணுக்கும், எனாமல் தூக்குச் சட்டிக்கும், ரவிவர்மா அச்சுப் படத்துக்கும்தான் போகிறார்கள். செட்டிநாட்டு வீடுகள் இடிபடும்போதும் பாகம் பிரியும்போதும் வெளியே வருகிற பொருள்கள் அந்தத் தெருவில் வந்து சேர்கின்றன என்பது ஊரறிந்த செய்தி. நான் போவது வேறொன்றுக்காக. அங்குள்ள ஒரு கடையின் உள்ளறையில், பர்மா அரக்குப் பெட்டிகளுக்குப் பின்னால், மூன்று தட்டுகள் கொண்ட ஒரு சிறிய கண்ணாடி அலமாரி இருக்கிறது. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணியாற்றியவர்களின் பதக்கங்களும், தொப்பிச் சின்னங்களும், பித்தளைப் பொத்தான்களும் அதில் கிடக்கின்றன. கடந்த இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை அந்த அலமாரியின் முன் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மதிப்புரை அந்த அலமாரியைப் பற்றியது மட்டுமே. குறைகளையும் விரிவாக எழுத வேண்டியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

எதை வைத்து மதிப்பிடுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சென்னை மாகாணத்துப் படைவீரர்களின் பதக்கங்களைப் பதினெட்டு ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். முதன்முதலில் வாங்கியது, சென்னையில் ஒரு பழைய பொருள் வியாபாரியிடம், முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கம் ஒன்று. விளிம்பில் பாளையங்கோட்டைப் படையின் பெயர் இருந்ததால் விலையைக் கூடக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். மூன்று ஆண்டுகள் கழித்து, அனுபவம் மிக்க ஒரு சேகரிப்பாளர் அதை வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியில் அளந்து காட்டினார். மேலிருந்து கீழாக ஓர் அளவு, பக்கவாட்டில் வேறோர் அளவு. பழைய பெயரை அரத்தால் தேய்த்து அழித்துவிட்டு, தேய்ந்த இடத்தில் விலைபோகும் படைப்பிரிவின் பெயரைப் புதிதாகப் பொறித்திருந்தார்கள். பணம் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. யாரோ ஒரு மனிதரின் பெயர் அந்தத் தேய்ப்பில் போய்விட்டது என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

பதக்கம் விற்கும் கடையை விளிம்பை வைத்தே மதிப்பிட வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியில் மட்டும் சுமார் 65 லட்சம் வழங்கப்பட்டது. முகப்பில் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கத்தில் குதிரைமீது ஆடையற்ற வீரன், குளம்புக்கடியில் பிரஷ்யக் கழுகின் கேடயம்; எல்லாப் பதக்கங்களிலும் இதே வடிவந்தான். வேறுபடுவது விளிம்பு ஒன்றே. எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற நான்கு செய்திகள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டாம் உலகப் போரின் நட்சத்திர வடிவப் பதக்கங்களைப் பிரிட்டன் தன் சொந்தப் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்தியப் படையினருக்கோ பெயர் பொறித்தே வழங்கப்பட்டது. ஆகவே பர்மா நட்சத்திரம் ஒன்று லண்டன் கடையில் கிடைத்தால் அது பெரும்பாலும் ஊமை. காரைக்குடியில் கிடைத்தால் அது பேசும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு படைவீரரைப் பற்றி அவருடைய குடும்பத்தில் எஞ்சியிருக்கும் ஒரே எழுத்துச் சான்று, பல வீடுகளில், அந்த விளிம்பில் உள்ள ஒரு வரிதான்.

அந்த வரியை இந்தக் கடை தொடுவதில்லை என்பதே இதன் முதல் சிறப்பு. பழைய பொருள் கடைகளில் பித்தளையானாலும் வெண்கலமானாலும் புளி போட்டு விளக்கி, பளபளவென்று ஆக்கி வைத்தால்தான் விற்கும் என்ற நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. குத்துவிளக்குக்கு அது சரி. பதக்கத்தை நான்கு முறை அப்படி விளக்கினால் ராஜாவின் மீசை மழுங்கும், பத்து முறை விளக்கினால் விளிம்பில் எழுத்தின் ஓரங்கள் கரையும். நூறு ஆண்டுகளில் வெள்ளிமீது படிந்த கருமை அதன் வயதுக்கு ஒரு சாட்சி. அதைக் கழுவிவிட்டால் அசலையும் நகலையும் பிரித்தறியும் வழிகளில் ஒன்று அடைபட்டுவிடும். இந்தக் கடையின் உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர். ஏன் விளக்கவில்லை என்று முதல் நாள் கேட்டபோது, “வந்தது வந்தபடியே இருக்கட்டும் சார், அழுக்க எடுக்கிறேன்னு ஆளையே எடுத்துரக் கூடாதுல்ல” என்றார். அந்தப் பதிலுக்காகவே இரண்டாவது முறை போனேன்.

இரண்டாவது சிறப்பு, பொருளைக் கையில் எடுத்து ஆராய அவர் இடம் கொடுப்பது. சன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் ஒரு பழைய கம்பளித் துண்டு, பக்கத்தில் நகைத் தராசு. நான் என் பையிலிருந்து பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸையும், வெர்னியரையும், ஒரு காந்தத்தையும், புற ஊதாக் கைவிளக்கையும் எடுத்து வைத்தபோது அவர் முகம் சுளிக்கவில்லை. நகலில் வல்லவர்கள் மலிந்துவிட்ட இந்தக் காலத்தில், சோதித்துப் பார்ப்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்கிற கடைக்காரரிடம் வாங்கவே கூடாது. இங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் அவசரப்படுத்துவதில்லை.

மூன்றாவதுதான் இந்தக் கடையை மற்றவற்றிலிருந்து தனியே நிறுத்துகிறது. அவர் ஒரு பேரேடு வைத்திருக்கிறார். வட்டித் தொழில் செய்த குடும்பத்தின் பழக்கம் போலும், சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான ஏடு. ஒவ்வொரு பதக்கமும் எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தத் தேதியில் வந்தது, வீட்டிலிருந்து நேரே வந்ததா, அடகுக்கடை வழியாக வந்ததா, பழைய இரும்புக் கடை வழியாக வந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கொடுத்தவரின் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு மற்றதைக் காட்டுகிறார், அது முறையும்கூட. பதக்கம் பிறந்த ஊரிலிருந்து பிரிந்ததும் அதன் வரலாற்றில் பாதி போய்விடுகிறது. விளிம்பு பெயரைச் சொல்லும், ஊரைச் சொல்லாது. சென்னை மாகாணத்து வீரர்கள் பலருக்கு விளிம்பில் ஒற்றைப் பெயர்தான் இருக்கும். அதையும் எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ‘சாமி’ என்று முடியும் பெயர்களெல்லாம் ‘சாவ்மி’ என்று படிக்கத் தோன்றும் எழுத்துக்கூட்டலில் இருக்கும். அப்படியொரு முனுசாமியை ஊர் தெரியாமல் எங்கே போய்த் தேடுவது? இந்தப் பேரேட்டின் ஒரு வரி அந்தத் தேடலைப் பத்தாயிரம் கிராமங்களிலிருந்து ஒரு கிராமத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

நான் அங்கு வாங்கிய முதல் பொருளை விரிவாகச் சொல்கிறேன். அது மேலே சொன்ன அதே போர்ப் பதக்கந்தான், ஆனால் வெண்கலத்தில் அடித்தது. படையோடு சென்ற தொழிலாளர்களுக்கு, அதாவது சீன, மால்டா, இந்தியத் தொழிலாளர் படையினருக்கு, வெள்ளிக்குப் பதிலாக வெண்கலத்தில் அந்தப் பதக்கம் வழங்கப்பட்டது. சுமார் 1,10,000 மட்டுமே வழங்கப்பட்டவை. என் கையில் இருந்தது பாக்கு நிறத்தில் கருத்திருந்தது. நாடா இல்லை. தொங்கவிடும் பட்டையின் இடது முனையில் பச்சைக் களிம்பு. வெர்னியர் 36 மில்லிமீட்டர் காட்டியது, எந்தப் பக்கம் திருப்பி அளந்தாலும் மாறவில்லை. லென்ஸின் அடியில் விளிம்பைத் திருப்பியபோது எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. அச்சால் அடித்துப் பதித்த எழுத்து. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அமுங்கிய உலோகம் மிக மெல்லிய கரையாகப் புடைத்து நிற்கிறது. கையால் செதுக்கியிருந்தால் அந்தக் கரை இராது, உளியின் கீறல் இருக்கும். எண்ணுக்கு அடுத்து, படைவீரருக்குப் பதவி வரும் இடத்தில், ‘கூலி’ என்று இருந்தது. அதன் பிறகு ஒற்றைப் பெயர். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அவருடைய பேரப் பிள்ளைகள் இன்றும் அந்த ஊரில் இருக்கலாம்.

கூலி என்ற சொல்லைப் பதவியாக ஏற்று, அதை உலோகத்தில் அடித்து, ஒருவருக்குப் பெருமையாகக் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதை எந்த மனநிலையில் வாங்கிக்கொண்டார் என்று என்னால் ஊகிக்க முடியவில்லை. ஆனால் விற்காமல், உருக்காமல் வைத்திருந்திருக்கிறார் என்பது மட்டும் என் கையிலேயே இருந்தது.

விலையைக் கேட்டேன். பக்கத்தில் இருந்த வெள்ளிப் பதக்கத்துக்குச் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு சொன்னார். வெள்ளியை எடைக்கு மேல் கொஞ்சம் வைத்து விற்கிறார், வெண்கலத்தை வெண்கலமாகவே பார்க்கிறார். சேகரிப்பாளர்களிடையே நிலைமை நேர் எதிர்: எண்ணிக்கையில் வெண்கலம் மிகக் குறைவு, அதுவும் பெயர் படிக்கும் நிலையில் கிடைப்பது அரிது. வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அப்படிச் செய்தால் அடுத்து வரும் வெண்கலம் அவருக்கு மலிவான பொருளாகவே இருக்கும், மலிவான பொருளுக்குப் பேரேட்டில் வரி விழாமலும் போகலாம். ஆகவே உள்ளதைச் சொன்னேன். அவர் விலையைக் கொஞ்சம் ஏற்றினார், நானும் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது வெண்கலங்கள் நடுத்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு ஏறியிருந்தன.

குறைகளில் முதலாவது, அட்டைகளில் எழுதியிருக்கும் விவரங்கள். பாதிக்கு மேல் தவறு, சில தவறுகள் வாங்குபவரின் பணத்தையே பாதிக்கக் கூடியவை. இந்திய வரைபடம் பொறித்த ஒரு பதக்கத்துக்கு ‘நேதாஜி படைப் பதக்கம்’ என்று அட்டை போட்டு, மற்றவற்றைவிட நான்கு மடங்கு விலை எழுதியிருந்தது. அது 1939-45 இந்தியா சேவைப் பதக்கம். நிக்கல் கலந்த செம்பால் ஆனது. முகப்பில் ஆறாம் ஜார்ஜின் தலை இருக்கிறது; அந்த ராஜாவை எதிர்த்துப் போரிட்ட படை அவருடைய தலையைப் பொறித்துப் பதக்கம் கொடுத்திருக்க வழியே இல்லை. இந்தியாவுக்குள் மூன்று ஆண்டுகள் பணியாற்றிய இந்தியப் படையினருக்கு அது வழங்கப்பட்டது, இன்று தாராளமாகவே கிடைக்கிறது. வரைபடத்தைப் பார்த்ததும் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவர் நம்பிவிட்டார். ஏமாற்றும் எண்ணம் அதில் இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் மலேயாவிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழர்களின் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. அவர்களில் ஒருவர் தாத்தாவின் நினைவாக அதை வாங்கிப் போயிருந்தால் என்ன ஆவது? நேதாஜி தரப்பின் உண்மையான ஆசாத் ஹிந்த் பதக்கங்கள் போர்க்காலத்தில் வியன்னாவில் சூவால் என்ற நிறுவனத்தில் செய்யப்பட்டவை. போருக்குப் பிறகும் அதே நிறுவனம் மீண்டும் அடித்து விற்றது. அசல் என்று சொல்லப்படுபவற்றிலேயே எது எந்த ஆண்டினது என்று நிறுவுவது பெரும்பாடு. வாங்க விரும்புகிறவர்கள் அந்தப் பக்கம் போகும் முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

இன்னொரு அட்டையில் ‘சுரங்கத் தொழிலாளி பதக்கம்’ என்று இருந்தது. விளிம்பைப் படித்தால் ‘2 க்யூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.’. விக்டோரியா ராணியின் பெயரைத் தாங்கிய இரண்டாம் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ். பாலம் கட்டுவதும், பதுங்கு குழி வெட்டுவதும், கண்ணிவெடி அகற்றுவதும் அவர்கள் வேலை. இந்தியப் படை முழுதும் அவர்களைத் ‘தம்பி’ என்றுதான் அழைத்தது. இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே 1944 பிப்ரவரி 24 அன்று, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் பாய்ந்து உடலால் மூடித் தோழர்களைக் காப்பாற்றி உயிர்விட்டு, ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய வீர விருதைப் பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் இந்தப் படையைச் சேர்ந்தவர். அந்தப் படையின் பதக்கத்தைச் சுரங்கத் தொழிலாளிக்கு உரியதென்று எழுதி வைத்திருப்பது, தமிழ்நாட்டுக் கடையில், மனத்துக்குக் கஷ்டமாக இருந்தது. சொன்னவுடன் அட்டையைக் கிழித்துவிட்டு என் கையாலேயே புதிதாக எழுதித் தரச் சொன்னார்.

கீழ்த்தட்டில் துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்று ‘எம்டன் குண்டு’ என்ற அட்டையோடு கிடக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டு வீசியதும், அந்தப் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டதும் எல்லோருக்கும் தெரியும். கோட்டை அருங்காட்சியகத்தில் அந்தக் குண்டின் சிதறல் இருக்கிறது. இந்தத் துண்டில் எண் இல்லை, முத்திரை இல்லை, பீரங்கிக் குண்டைச் சுற்றியிருக்கும் செப்புப் பட்டையின் சுவடு இல்லை; பேரேட்டிலும் ஊர் என்ற இடத்தில் வெறும் கோடுதான். வெறும் இரும்புக்கு அப்படியொரு பெயரைச் சூட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவரிடமும் சொன்னேன். அட்டை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இவையெல்லாம் திருத்தக் கூடிய குறைகள். திருத்த முடியாத குறை ஒன்று உண்டு, இந்தக் கடையில் எனக்கு உண்மையான கோபம் வந்தது அதனால்தான். மூன்றாவது முறை போனபோது நடுத்தட்டில் 1914-15 நட்சத்திரம் ஒன்றைப் பார்த்தேன். நான்கு முனை கொண்ட வெண்கல நட்சத்திரம், குறுக்கே இரண்டு வாள், உச்சியில் கிரீடம். இதற்கு விளிம்பில் இடமில்லாததால் பெயர் முதுகில் இருக்கும். திருப்பினேன்: ‘61 கே.ஜி.ஓ. பயனியர்ஸ்’. ஐந்தாம் ஜார்ஜின் பெயர் தாங்கிய 61-ஆம் பயனியர் படை, அதாவது சண்டையோடு பாதை அமைக்கும் வேலையும் செய்யும் காலாட்படை, சென்னை மாகாணத்துப் படை. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தங்காவில் கரையிறங்கிய இந்தியப் படைகளுள் ஒன்று. அந்தச் சண்டையில் ஜெர்மானியர் வென்றார்கள், இந்தியப் படை மீண்டும் கப்பலேற வேண்டியதாயிற்று. இந்த நட்சத்திரம் 1915 இறுதி வரை போர்முனைக்கு வந்தவர்களுக்கு உரியது என்பதால், இவர் தங்காவின் கரையில் நின்றாரா, பின்னால் வந்து சேர்ந்தாரா என்பதை அது சொல்லாது. ஆனாலும் கையில் அதைப் பிடித்திருந்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மேல்தட்டில் இருந்த வெள்ளிப் பதக்கங்களை வழக்கம்போல ஒவ்வொன்றாகப் புரட்டினேன். நான்காவது பதக்கத்தின் விளிம்பில் அதே எண், அதே பெயர். ஒரே மனிதரின் இரண்டு பதக்கங்கள், இரண்டு தட்டுகளில், இரண்டு விலைகளில். பேரேட்டைப் பார்த்தால் இரண்டும் ஒரே நாளில், சிவகங்கைப் பக்கத்து ஒரே கிராமத்திலிருந்து வந்திருக்கின்றன. வரும்போது மூன்றும் ஒரே பட்டையில் தைத்து வந்தன என்று அவரே சொன்னார். மூன்றாவது, வெற்றிப் பதக்கம், சிறகு விரித்த பெண் உருவம் அழகாக இருந்ததால் யாரோ ஒரு சுற்றுலாப் பயணி தனியே கேட்க, தையலைப் பிரித்துக் கொடுத்துவிட்டிருக்கிறார். “மூணையும் சேத்து யாரு சார் வாங்குறா?” என்றார். நான் வாங்குவேன் என்றேன். என்னைப் போன்றவர்கள் எல்லோரும் வாங்குவார்கள். பட்டையில் சேர்ந்திருக்கும் மூன்று பதக்கங்கள் ஒரு வாழ்க்கையின் போர்க்காலத்தை ஒன்றாகக் காட்டுகின்றன. பிரித்துவிட்டால் மூன்று துண்டு உலோகம் மிஞ்சுகிறது. பேரேட்டில் ஊரை எழுதி வைக்கும் அளவுக்குக் கவனமுள்ள ஒருவர் இதைச் செய்திருக்கக் கூடாது. நட்சத்திரத்தையும் வெள்ளியையும் சேர்த்து வாங்கி வந்தேன். அன்றைக்கு நான் பேரம் பேசவில்லை.

நகல்கள் உண்டா என்று கேட்பவர்களுக்கு: உண்டு, நான் பார்த்தவற்றில் நான்கு. மூன்றை அங்கேயே கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு காந்தத்தில் ஒட்டிக்கொண்டன. வெள்ளியோ வெண்கலமோ நிக்கல் கலந்த செம்போ அப்படி ஒட்டுவதில்லை. மூன்றாவது வார்ப்பு. அசலிலிருந்து அச்சு எடுத்து உலோகம் ஊற்றினால், ஆறும்போது அது சுருங்கும். 36 இருக்க வேண்டிய இடத்தில் வெர்னியர் 35.4 காட்டியது, பரப்பில் ஊசிமுனை போன்ற சிறு குழிகளும் இருந்தன. நான்காவதை நானே ஏமாந்து வாங்கிவிட்டேன். அது உலோகம் அல்ல, துணியில் தைத்த தோள்பட்டைச் சின்னம். வீட்டில் இருட்டறையில் புற ஊதா ஒளியைக் காட்டியபோது தையல் நூல் நீல வெள்ளையாக ஒளிர்ந்தது. பழைய பருத்தி நூலும் பட்டு நூலும் பொதுவாக அப்படி ஒளிர்வதில்லை. இக்காலச் சலவைத்தூளில் துவைத்த பழைய துணியும் ஒளிரும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஓரத்தில் ஓர் இழையைப் பிரித்து எரித்துப் பார்த்தேன்; சாம்பலாகாமல் உருகிச் சுருண்டது. இரண்டு வாரம் கழித்து எடுத்துப் போனபோது, ஒரு வார்த்தை பேசாமல் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். மற்றொன்று வாங்கிக்கொள்ளும்படி வற்புறுத்தவும் இல்லை.

ரசீது முறையாகத் தருகிறார். கேட்டால் விளிம்பில் உள்ள வரி முழுவதையும் ரசீதில் எழுதித் தருகிறார். கேட்டு வாங்குங்கள், பின்னாளில் அந்தப் பதக்கத்துக்கு அதுவே பிறப்புச் சான்று. நூறு ஆண்டைத் தாண்டிய பொருள்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருபவை, முதல் உலகப் போரின் பதக்கங்கள் இப்போது அந்த எல்லையைக் கடந்துவிட்டன. விற்பவருக்கு உரிமம் வேண்டும். இவரிடம் கேட்டவுடன் எடுத்துக் காட்டினார். வெளிநாட்டுக்குத் தனியார் எடுத்துச் செல்ல முடியாது என்பதைச் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிற நண்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். அந்த விவரத்தை அவர் தாமாகச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும். வாளும் துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தியும் அவர் வைத்திருப்பதில்லை. ஆயுதச் சட்டத்தின் தொல்லை வேண்டாம் என்கிறார், சரியான முடிவு.

பொருளைக் கட்டிக் கொடுக்கும் விதம் மிக மோசம். செய்தித்தாளில் சுற்றி ரப்பர் பட்டை போடுகிறார். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கோடு கோடாகக் கருக்கிவிடும். ஒரு பதக்கத்தின் நடுவே அப்படியொரு கருங்கோடு ஏற்கெனவே விழுந்திருந்தது. துவைத்துக் காயவைத்த மென்பருத்தித் துணியும் ஒரு சிறு அட்டைப் பெட்டியும் கொண்டு போவது நல்லது.

யாருக்கு இந்தக் கடையைச் சொல்லலாம்? விளிம்பைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு, தயங்காமல். படைப்பிரிவுகளின் பழைய எண்களை ஓரளவாவது அறிந்து போக வேண்டும். 1903-இல் சென்னைப் படைகளின் எண்ணோடு அறுபதைக் கூட்டினார்கள் என்ற ஒரு செய்தியே பல சிக்கல்களை அவிழ்க்கும்: 3-ஆம் பாளையங்கோட்டைப் படை 63 ஆயிற்று, 23-ஆம் வாலாஜாபாத் படை 83 ஆயிற்று. ஆகவே 3 என்று பொறித்த பாளையங்கோட்டைப் பதக்கம் முதல் உலகப் போருக்கு உரியது என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே மறுத்துவிடலாம். இதொன்றும் தெரியாமல் அட்டையை நம்பி வாங்குகிறவர்களுக்கு இந்தக் கடையை நான் பரிந்துரைக்க மாட்டேன், அட்டைகள் முழுதும் திருத்தப்படும் வரையிலாவது.

காலை பத்தரைக்குத் திறந்து, மதியம் சாப்பாட்டுக்கு மூடி, மாலை மீண்டும் திறக்கிறார். காலையில் போங்கள், சன்னல் கிழக்குப் பார்த்தது, விளிம்பைப் படிக்க அந்த வெளிச்சம் வேண்டும்.

நான்காவது முறை போனது சென்ற மாதம். தையலோடு வந்த இரண்டு பட்டைகளைப் பிரிக்காமல் அப்படியே நடுத்தட்டில் வைத்திருந்தார். பயனியர் படைவீரரின் வெற்றிப் பதக்கத்தை வாங்கிச் சென்றவர் புதுச்சேரியில் தங்கியிருப்பவர் என்பது மட்டும் அவருக்கு நினைவிருக்கிறது, பெயர் நினைவில்லை. அந்தப் படைவீரரின் எண்ணைப் பேரேட்டின் பின்னட்டையில் பெரிதாக எழுதி, கீழே என் தொலைபேசி எண்ணையும் குறித்து வைத்திருக்கிறார். இதுவரை அழைப்பு வரவில்லை.